உயில் எழுதினால் போதாது, அது இருக்கும் இடமும் தெரிய வேண்டும்

மருந்து, உணவு, உடற்பயிற்சி, மறுபரிசோதனை நாள் ஆகியவற்றைப் பற்றி நோயாளிகளிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் பேசுவது எங்கள் அன்றாடப் பணி. இந்த இதழில் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, மருத்துவமனையில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். உயில், வீட்டுப் பத்திரம், காப்பீட்டு ஆவணம், மருத்துவ விருப்ப ஆவணம் ஆகியவை உங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன? உங்களைத் தவிர வேறு யாருக்கு அந்த இடம் தெரியும்?

உயில் எழுத வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் பலர். எழுதிய உயிலை எப்படிக் காப்பது என்று கூறுவோர் மிகச் சிலர். எழுதாத உயிலால் வரும் துன்பத்துக்குச் சற்றும் குறைந்ததன்று, எழுதியும் கிடைக்காமற்போன உயிலால் வரும் துன்பம். அது இன்னும் கசப்பானது என்றும் சொல்லலாம். உயில் இல்லை என்று தெரிந்தால் குடும்பம் சட்டப்படி பங்கிட்டுக்கொள்ளும். இருந்தது, ஆனால் காணவில்லை என்றால், யாரோ மறைத்துவிட்டார் என்ற ஐயம் உடன்பிறந்தோரிடையே புகுந்துவிடும். அந்த ஐயத்துக்கு எங்களிடம் மருந்தில்லை.

மருத்துவருக்கு இதில் என்ன வேலை?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் குடும்பங்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். ‘அப்பா ஏதோ எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்’ என்று மகள் சொல்வதும், ‘எனக்குத் தெரியாமல் என்ன எழுத்து?’ என்று மகன் கேட்பதும் அங்கே அடிக்கடி நிகழ்பவை. நோயாளிக்கு மூச்சுத் திணறும் வேளையில் பீரோ சாவியைத் தேடி ஒருவர் ஊருக்கு ஓடுகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும், நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டியவராகவே இருக்கிறார்.

எங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள காரணம் ஒன்றும் உண்டு. உயில் எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் நோய், பக்கவாதம், கடுமையான நோய்த்தொற்று ஆகியவை அந்தத் தெளிவைச் சில மணி நேரத்தில் குலைத்துவிடக்கூடும். மருத்துவமனைப் படுக்கையில் அவசரமாக எழுதப்படும் உயிலை நீதிமன்றங்கள் கூர்ந்து ஆராய்கின்றன. ஐயத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால், அவற்றை அகற்றும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே வகுத்துள்ளது. ஆகவே உடலும் மனமும் நன்றாக இருக்கும்போதே எழுதுவதும், அப்போதே அதற்கு ஓர் இடம் வகுப்பதும் நல்லது.

வெள்ளம் காட்டிய உண்மை

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு ஆவணப் பாதுகாப்பு என்பது ஏட்டளவிலான பேச்சு அன்று. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆறு கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் முதலிய கரையோர ஊர்களும், ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த புன்னக்காயலும் வெள்ளத்தில் சிக்கின. வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களைப் பற்றி அப்போது யார் நினைத்திருக்க முடியும்?

ஆதார், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை இழந்தவர்களுக்கு மறுபிரதி உண்டு. வழங்கிய அலுவலகத்திலேயே மூலப் பதிவு இருப்பதால் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். பதிவு செய்த விற்பனைப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். எனினும் மூலப்பத்திரம் தொலைந்ததற்குக் காவல் நிலையப் புகார், நாளிதழ் விளம்பரம் என்று அலைய நேரிடும். பதிவு செய்யாத உயிலோ அப்படிப்பட்டதன்று. உலகத்தில் அது ஒன்றே ஒன்று. நீரில் கரைந்தால் கரைந்ததுதான்.

சட்டம் இந்த இடரை அறவே மறந்துவிடவில்லை. எழுதியவரின் இறப்புக்குப் பின் உயில் தொலைந்தாலும், அவருடைய செயலால் அன்றி விபத்தாலோ பிறர் தவற்றாலோ அழிந்தாலும், அதன் நகலோ வரைவோ பாதுகாக்கப்பட்டிருந்தால் அதைக் கொண்டு நீதிமன்றத்தை நாடலாம் என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 237-ஆம் பிரிவில் கூறுகிறது. நகலும் இல்லையெனில், உயிலில் இருந்தது இன்னதென்று சாட்சியத்தால் மெய்ப்பிக்க அடுத்த பிரிவு வழிவிடுகிறது. ஆனால் இது எளிய வழியன்று. எழுதியவரே கிழித்தோ எரித்தோ தம் உயிலை நீக்கிக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது அல்லவா? அதனால், அவர் வசம் இருந்த உயில் காணாமற்போனால், அவரே அதை அழித்திருப்பார் என்று மறுதரப்பார் வாதிட வழி பிறக்கிறது. நகலை வேறோர் இடத்தில் வைப்பது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

புன்னக்காயலின் வரலாறே இதற்குச் சான்று கூறும். 16-ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் அங்கே தங்கித் தமிழ் நூல்களை அச்சேற்றினார். அவற்றுள் ‘அடியார் வரலாறு’ 1586-இல் வெளிவந்தது. அச்சான ஊரில் அந்நூல் நிலைக்கவில்லை. கடல் கடந்து சென்று வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி காக்கப்பட்டதால், 1967-இல் அது தூத்துக்குடியில் மறுபதிப்புக் கண்டது. உப்புக் காற்றும் வெள்ளமும் கரையானும் உள்ள ஊரில் எழுதப்பட்டது பிழைக்க வேண்டுமானால், அதன் படி வேறோர் ஊரில் இருக்க வேண்டும்.

பீரோ, லாக்கர், வழக்கறிஞர்

நம் வீடுகளில் உயில் பெரும்பாலும் இரும்புப் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கும். கைக்கு எட்டும் என்பது அதன் நன்மை. நீர், நெருப்பு, கரையான் ஆகியவற்றுக்கும், உயிலால் இழப்பு அடையக்கூடியவரின் கைக்கும் அதே அளவு எட்டும் என்பது அதன் குறை. வீட்டில்தான் வைப்பேன் என்பவர் நீர் புகாத உறையில் இட்டு மேல்தட்டில் வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் குண்டூசியும் கம்பிப் பின்னும் விரைவில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். அவற்றை நீக்கிவிட வேண்டும். லேமினேஷன் செய்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகின்றனர். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரிக்க முடியாது. கையெழுத்தையோ கைரேகையையோ ஆராய நேர்ந்தால் அது இடையூறாகும்.

வங்கி லாக்கர் நீரிலிருந்தும் திருட்டிலிருந்தும் ஓரளவு காக்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு வங்கி பொறுப்பாகாது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. லாக்கர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, நாமினியும் இல்லையெனில், அவர் இறந்தபின் அதைத் திறக்க வாரிசுகள் தம் உரிமையைக் காட்ட வேண்டும். அந்த உரிமையைக் காட்டும் உயிலோ லாக்கருக்குள் இருக்கிறது! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது. லாக்கரில் வைப்பதானால் அதை இருவர் பெயரில் வைத்திருங்கள். அல்லது நாமினியைப் பதிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். நாமினி என்றாலே உரிமையாளர் என்று பலர் கருதுகின்றனர். வங்கிக் கணக்கிலோ பங்குகளிலோ நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே. பங்குகளைப் பொறுத்து இதனை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆகவே நாமினி இருப்பதால் உயில் தேவையில்லை என்று இருந்துவிடலாகாது.

வழக்கறிஞரிடம் கொடுத்து வைப்பது மூன்றாவது வழி. நம்பகமானவராயின் நன்று. அவரும் முதுமை அடைவார், அலுவலகம் மாற்றுவார் என்பதை மறவாமல் எழுத்து மூலம் ரசீது பெற வேண்டும்.

பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழி

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. அதற்கு முத்திரைத்தாளும் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் முறைப்படி கையெழுத்திட்டால் போதும். எனினும் பதிவு செய்தால் அதன் நகல் பதிவு அலுவலகப் புத்தகத்தில் ஏறிவிடும். மூலம் அழிந்தாலும் வாசகம் பிழைக்கும். எழுதியவர் உயிருடன் உள்ளவரை அந்த நகலை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெற முடியும். இறந்த பின்னரே மற்றவர் கேட்டுப் பெறலாம்.

பலர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. நாங்கள் பெரிதும் பரிந்துரைப்பது இதனையே. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 42 முதல் 45 வரையுள்ள பிரிவுகளில், உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்க வழி செய்கிறது. உறையின்மேல் உயில் எழுதியவரின் பெயரும் ஆவணத்தின் தன்மையும் குறிக்கப்படும். பதிவாளர் உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை. உறையைத் தனிப் பதிவேட்டில் குறித்துத் தீப்பிடிக்காத பெட்டியில் வைக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. மனம் மாறினால் எழுதியவர் நேரிலோ உரிய முகவர் மூலமோ திரும்பப் பெறலாம். அவர் இறந்தபின் விண்ணப்பம் செய்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறை திறக்கப்பட்டு, அவர் செலவில் நகல் பதிவேற்றப்படும். மூலம் மீண்டும் பதிவாளரின் பாதுகாப்பிலேயே இருக்கும். எனவே, உயிரோடிருக்கும்போது உயிலின் செய்தி வெளியே தெரியக்கூடாது என்று அஞ்சுவோருக்கு இது மிகப் பொருத்தமானது.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை. பதிவாளர் தாமாக உங்கள் வீட்டைத் தேடி வந்து, ‘இங்கே ஓர் உயில் இருக்கிறது’ என்று சொல்லமாட்டார். ஒப்படைத்த செய்தி குடும்பத்தில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். உயிலின் வாசகத்தை மறைக்கலாம். உயில் இருக்கும் இடத்தை மறைக்கலாகாது.

கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நகலாக அது பயன்படும். மேலே சொன்னபடி நகல் ஒருநாள் கைகொடுக்கவும் கூடும். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குத் தரும் ஏற்பிலிருந்து உயிலை விலக்கி வைத்துள்ளது. மூலத் தாளுக்குப் படம் ஈடாகாது. இங்கிலாந்தில் நீதிமன்றக் காப்பகத்தில் உள்ள சுமார் 11 கோடி உயில்களை மின்னணுப் படியாக்கி, பழைய தாள்களை அழித்துவிடலாம் என்ற யோசனையை அந்நாட்டு அரசு 2023 டிசம்பரில் முன்வைத்தபோது வரலாற்றறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். தொழில்நுட்பம் வளர்ந்த நாட்டிலும் மூலத் தாளுக்கு உள்ள மதிப்பை இது காட்டுகிறது.

நம் பகுதியில் பல குடும்பங்கள் கத்தோலிக்கர் என்பதால் இரண்டு விதிகளையும் சொல்லி வைக்கிறோம். கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால், முன்பு எழுதிய உயில் செல்லாததாகிவிடும். அவருடைய உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அச்சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ சொத்து எழுதியிருந்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லாது. இசுலாமியருக்கு அவர்களுடைய தனிச் சட்டம் பொருந்தும். எல்லோரும் எழுதும் முன் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பூட்டி வைக்கக் கூடாத ஆவணம்

இதுவரை சொன்னவை பூட்டிக் காக்க வேண்டிய ஆவணங்களைப் பற்றியவை. இப்போது பூட்டவே கூடாத ஒன்றைச் சொல்கிறோம். மீள வழியில்லாத நோயின் இறுதிக் கட்டத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதைப் பேச்சுவழக்கில் ‘லிவிங் வில்’ என்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதனை ஏற்றது. 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற்றால் போதும். தம்மால் பேச இயலாதபோது தம் சார்பில் முடிவு கூற வேண்டிய உறவினர் யார் என்பதையும் அதில் குறிக்க வேண்டும். படிகளைக் குடும்பத்தாரிடமும் குடும்ப மருத்துவரிடமும் உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலரிடமும் கொடுத்து வைக்கலாம்.

பெயரில் உயில் போல் ஒலித்தாலும் இதன் இயல்பு நேர்மாறானது. உயில் இறந்தபின் பேசும். இது உயிருள்ளபோதே பேச வேண்டும். உயிலுக்குச் சில நாள் காத்திருக்கலாம். இதற்குச் சில மணி நேரமும் காத்திருக்க முடியாது. நள்ளிரவில் மூச்சுக்குழாய் பொருத்துவதா என்று நாங்கள் குடும்பத்தாரிடம் கேட்கும்போது, அந்தத் தாள் லாக்கரில் இருந்தால் பயனில்லை. மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில், மருந்துச் சீட்டுகளோடு சேர்ந்து அது இருக்க வேண்டும்.

இதே காரணத்தால் உயிலுக்குள் எழுதி வைக்கக் கூடாதவையும் சில உள்ளன. கண்தானத்துக்கு இறந்தபின் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் கண்விழிகளை எடுக்க வேண்டும். உறுப்புதானமோ மூளைச்சாவு நிலையிலேயே, குடும்பத்தாரின் ஒப்புதலுடன் நடைபெறுவது. உடல்தானமும் அடக்க முறையும் அவ்வாறே உடனடியாக முடிவாக வேண்டியவை. இவற்றை உயிலில் மட்டும் எழுதினால், உறை திறக்கப்படும் நாளில் எல்லாம் முடிந்திருக்கும். நல்ல மனத்தோடு செய்த விருப்பம் வீணாகும். இவற்றைத் தனித் தாளில் எழுதி, வாயாலும் சொல்லிவிடுங்கள்.

தயக்கங்கள் குறித்து

சாவைப் பற்றிப் பேசினால் சாவு வரும் என்று அஞ்சுவோர் உண்டு. உயில் எழுதியதால் எவருடைய நோயும் முற்றியதை நாங்கள் கண்டதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு சிகிச்சைக்கு வருபவர்களையே கண்டிருக்கிறோம்.

‘எங்களிடம் என்ன இருக்கிறது, ஒரு வீடும் ஒரு வள்ளமும்தானே’ என்பார் சிலர். அந்த ஒரு வீட்டில்தான் தனித்து விடப்படும் மனைவி வாழ வேண்டும். அந்த வள்ளத்தை நம்பித்தான் மகன் கடலுக்குப் போக வேண்டும். சொத்து சிறிதாக இருக்கும்போது, வழக்குக்குச் செலவிடவும் அதில் இடமில்லை.

பிள்ளைகளிடம் இடத்தைச் சொன்னால் எடுத்துப் படித்துச் சண்டையிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கான விடைதான் முத்திரையிட்ட உறையும், மாவட்டப் பதிவாளரின் பெட்டியும். இடத்தைச் சொல்வது வேறு, வாசகத்தைக் காட்டுவது வேறு.

மருத்துவமனைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து. சேர்க்கைப் படிவத்தில் மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறோம். உறவினர் தொலைபேசி எண்ணைக் கேட்கிறோம். மருத்துவ விருப்ப ஆவணம் உண்டா, அதன் படி யாரிடம் இருக்கிறது என்ற ஒரு வரியையும் சேர்ப்பது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும். சொத்தைப் பற்றி மருத்துவமனை கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. சிகிச்சையைப் பற்றிய விருப்பத்தைக் கேட்பது எங்கள் கடமை.

ஒரு தாள் போதும்

இதைப் படித்து முடித்தவுடன் செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உயில், மூலப்பத்திரம், பட்டா, வங்கிக் கணக்குகள், காப்பீடு, படகுப் பதிவு, மருத்துவ விருப்ப ஆவணம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அது இருக்கும் இடத்தைக் குறியுங்கள். உயில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க, உயிரோடுள்ள சாட்சி ஒருவரையாவது அழைக்க நேரிடும். உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமித்தவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களையும் பங்கீட்டு விவரத்தையும் இந்தத் தாளில் எழுத வேண்டாம். தேதியிட்டு, ஒரு படியை வீட்டில் நம்பிக்கையானவரிடமும், மற்றொன்றை வெளியூரில் வாழும் உறவினரிடமும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன் எடுத்துச் சரிபாருங்கள்.

புதிய உயில் எழுதினால் பழையது என்ன ஆயிற்று என்பதையும் அத்தாளில் குறித்து வையுங்கள். இரண்டு உயில்கள் இரண்டு கைகளில் கிடைப்பதும் வழக்குக்கு வித்தாகும்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல். நோயாளியிடம் இதை நீங்கள் தொடங்கத் தயங்கினால், அடுத்த மறுபரிசோதனையின்போது எங்களிடம் சொல்லுங்கள். சொத்து யாருக்கு என்பதில் நாங்கள் தலையிடமாட்டோம். ஆனால் உடல் தேறியிருக்கும் நாளில், அமைதியாக அமர்ந்து, ‘எல்லாம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டீர்களா?’ என்று நாங்கள் கேட்க முடியும். மருத்துவர் கேட்டார் என்பதற்காகவே விடை சொல்லும் முதியவர்கள் பலர்.